ஒரே பெட்டியை ஆறு கணினியில திறந்தா "இணைப்பு கூடிப்போச்சு" எண்டு சேவர் தள்ளுது (டவ்கொட், தண்டர்பேர்ட்)

வடலி | திங்கள், காலை 10.42

வணக்கம். யாழ்ப்பாண நகருக்குள்ள ஒரு கந்தோர். ஆறு மேசைக் கணினி, மூண்டு போன், எல்லாம் ஒரே ஃபைபர் லைனில. நிலையான ஐபி ஒண்டு வாங்கியிருக்கு. மெயில் சேவர் வாடகை விபிஎஸ் (இணையத்தில வாடகைக்கு எடுத்த லினக்ஸ் கணினி): 2 ஜிபி ராம், இரண்டு கோர், டெபியன் 12, மெயில் பெட்டிகளைத் திறந்து குடுக்கிற டவ்கொட் 2.3, மெயில் அனுப்பி வாங்கிற போஸ்ட்ஃபிக்ஸ். ஐமாப் (மெயிலைச் சேவரிலயே வைச்சுப் பல கருவியில பாக்கிற முறை) 993 ஆம் போர்ட்டில மட்டும்தான் திறந்திருக்கு.

ஆறு பேருக்கும் தனித்தனி எக்கவுண்ட் இருக்கு. அதோட வாடிக்கையாளர் எழுதுற 'இன்ஃபோ' பெட்டியையும் ஆறு பேரும் தங்கட தண்டர்பேர்ட் மெயில் செயலியில அதே பாஸ்வேர்டோட சேர்த்து வைச்சிருக்கினம். போன் மூண்டிலயும் இன்ஃபோ மட்டும்.

காலமை எட்டரைக்கு எல்லாம் சுகமா ஓடும். பத்து மணி தாண்ட ஒவ்வொருத்தராத் தள்ளுப்படுகினம். சேவரோட இணைய ஏலேல்லை, அனுமதிச்ச எண்ணிக்கையைத் தாண்டியிருக்கலாம் எண்டு தண்டர்பேர்ட் சொல்லுது. சிலவேளை பாஸ்வேர்டையும் திருப்பிக் கேக்குது. இன்ஃபோவுக்குத்தான் உந்தக் கரைச்சல், தனி எக்கவுண்டுகள் ஒரு நாளும் தடங்கினதில்லை. கரண்ட் போய் வந்தா இன்னும் மோசம். கால் மணித்தியாலத்துக்கு ஒருத்தருக்கும் இன்ஃபோ திறக்காது, பிறகு தானாச் சரிவரும்.

டவ்கொட்டை ரீஸ்ராட் பண்ணினா உடனே சரி. ஆனா ஒவ்வொரு நாளும் உதைச் செய்துகொண்டிருக்கேலாது. எங்க தொடங்கிறது?

தட்டிவான் | திங்கள், காலை 10.55

ரெண்டு நிமிஷ வேலை. டவ்கொட் கொன்ஃபிக்கில 'மெயில்-மேக்ஸ்-யூசர்ஐபி-கனெக்‌ஷன்ஸ்' எண்டு ஒரு வரி இருக்கும் (சொற்களுக்கு நடுவில கீழ்க்கோடு). இருப்பில (நாங்கள் மாத்தாட்டித் தானா இருக்கிற எண்) 10. அதை 100 ஆக்கி ரீலோட் பண்ணுங்கோ. எங்கட சேவரில அப்பிடித்தான் கிடக்கு.

கிணத்தடி | திங்கள், காலை 11.20

தட்டிவான் அண்ணை சொன்ன வரியாத்தான் இருக்கும். ஆனா அதைத் தொட முதல் லொக்கை (சேவர் எழுதி வைக்கிற பதிவை) பாக்கவேணும். தண்டர்பேர்ட் காட்டுற அந்தச் செய்தி ஒரு ஊகம். இணைய முடியாமப் போனா அது "தாண்டியிருக்கலாம்" எண்டு சொல்லும், அவ்வளவுதான். அதுக்குப் பின்னால நாலு வேற வேற காரணம் இருக்கலாம்.

டெபியன் 12 இல லொக்கைக் கோப்பா எழுதுற ஆர்சிஸ்லொக் தானா நிறுவுப்படாது. மெயில்.லொக் கோப்பைத் தேடிக் காணேல்லை எண்டு குழம்பாதேங்கோ. 'ஜேர்னல்சிடிஎல்' கட்டளைக்கு டவ்கொட் யூனிட்டின்ர பேரைக் குடுத்தா எல்லாம் வரும். தள்ளுப்பட்ட நிமிஷத்தில என்ன விழுந்திருக்கு எண்டு பாருங்கோ.

"மேக்சிமம் நம்பர் ஒஃப் கனெக்‌ஷன்ஸ் ஃப்ரொம் யூசர் பிளஸ் ஐபி எக்சீடட்" எண்டு இருந்தா, தட்டிவான் சொன்ன எல்லைதான்.

"சேர்விஸ் ஐமாப்-லொகின்: புரொசெஸ் லிமிட் 100 ரீச்ட்" எண்டு இருந்தா அது வேற எல்லை. அந்த ஆளுக்கு மட்டுமில்லை, சேவர் முழுக்கவே புது லொகின் எடுக்காது.

"ஓத் ஃபெயில்ட்" எண்டு இருந்தா பாஸ்வேர்ட்தான் பிழை.

ஒண்டுமே விழேல்லை எண்டால் ஃபெயில்2பான் (பிழையான பாஸ்வேர்ட் கன தரம் வந்தா அந்த ஐபியை மறிக்கிற நிரல்) உங்கட ஐபியைத் தடுத்திருக்கும், டவ்கொட் வரைக்கும் பக்கெற் வந்தே சேரேல்லை. இதில ஒரு பொறி இருக்கு. எண்ணிக்கை எல்லையால தள்ளுப்படேக்க தண்டர்பேர்ட் பாஸ்வேர்ட் கேக்கும். ஆக்கள் பதட்டத்தில தட்டினதில ரெண்டு மூண்டு பிழைக்கும். அந்தப் பிழைகளை எண்ணி ஃபெயில்2பான் கந்தோர் முழுக்க வெளிய விட்டிடும். அப்ப ரெண்டு வருத்தம் ஒண்டாச் சேர்ந்து ஒண்டுமே விளங்காது.

நேர பாக்கிறதெண்டால் ஓபன்எஸ்எஸ்எல் எஸ்-கிளையன்ற் கட்டளை மூலம் 993 க்கு இணைஞ்சு கையால லொகின் குடுங்கோ. கணிசமான செயலிகள் சேவர் சொன்ன காரணத்தை விழுங்கிப்போட்டு தங்கட வசனத்தைக் காட்டும். கையால போனா சேவர் சொல்றது அப்பிடியே வரும்.

பிறகு சன நேரத்தில சேவரில 'டவ்அட்ம் ஹூ' (ஆர் எத்தினை இணைப்போட நிக்கினம் எண்டு காட்டுற கட்டளை) அடிச்சு இன்ஃபோ வரியை இங்க போடுங்கோ.

வடலி | திங்கள், மதியம் 12.15

லொக்கில முதலாவது வரிதான். காலமை 10.05 இலயிருந்து 11.50 வரைக்கும் 60க்கு மேல விழுந்திருக்கு, எல்லாம் இன்ஃபோவுக்கு. ஓத் ஃபெயில்ட் மூண்டு, அது எங்கட ஆள் ஒருத்தர் பிழையாத் தட்டினது.

டவ்அட்ம் ஹூ, ஐபியை மாத்தி எழுதுறன்:

இன்ஃபோ | 10 | ஐமாப் | (பிஐடி, அதாவது புரொசெஸ் எண், பத்து) | 203.0.113.24

மற்ற ஆக்களுக்கு 3, 4, 5 எண்டு நிக்குது. ஒருத்தருக்கும் 5 ஐத் தாண்டேல்லை.

மூன்றாம்குறுக்கு | திங்கள், மதியம் 12.40

அந்த 5 தற்செயல் இல்லை. தண்டர்பேர்ட் ஒரு ஐமாப் எக்கவுண்டுக்கு இருப்பில 5 இணைப்பு வரைக்கும் பிடிச்சு வைச்சிருக்கும். தொடக்கத்தில அஞ்சையும் ஒரேயடியா எடுக்காது. இன்பொக்ஸுக்கு ஒண்டு, அனுப்பியதைத் திறந்தா இன்னொண்டு, ஒரு வாடிக்கையாளர் போல்டரைத் திறந்தா இன்னொண்டு. எடுத்ததை விடாது. அதாலதான் எட்டரைக்குச் சுகமா இருந்து பத்துக்கு நெருக்குது. ஆக்கள் போல்டர் போல்டராத் திறக்கத் திறக்க ஏறும்.

ஏன் போல்டருக்கு ஒண்டு? ஐமாப்பில ஐடில் எண்டொரு கட்டளை, ஆர்எஃப்சி 2177 எண்ட இணைய விதிமுறை ஆவணத்தில, 1997 இல வந்தது. "புது மெயில் வந்தா நீயே சொல்லு" எண்டு சேவரிட்டைச் சொல்லிப்போட்டுக் காத்திருக்கிறது. ஒரு இணைப்பில அந்த நேரம் தெரிவுசெய்த ஒரு போல்டரை மட்டும்தான் அப்பிடிப் பாத்துக்கொண்டிருக்கலாம். நாலு போல்டருக்கு உடனுக்குடன் தெரியவேணுமெண்டால் நாலு இணைப்பு.

இப்ப கணக்கைப் பாருங்கோ. ஆறு கணினி × 5 = 30. போன் தனி. சேவர் விடுறது 10. அது எண்ணுறது ஆள் + ஐபி எண்ட சோடியை. ஆறு பேரும் ஒரே பேரில, ஒரே ரவுட்டருக்குப் பின்னால. டவ்கொட்டின்ர கண்ணுக்கு இது ஆறு பேர் இல்லை, பத்து வாசலால ஒரே நேரம் உள்ளுக்கு வாற ஒருத்தன். தனி எக்கவுண்டில ஆளுக்கு 5 தானே, அதுதான் தப்பிச்சிருக்கு.

கணினிப் பக்கம் செய்ய வேண்டியது: தண்டர்பேர்ட்டில எக்கவுண்ட் செற்றிங்ஸ், இன்ஃபோவுக்குக் கீழ சேவர் செற்றிங்ஸ், அங்க அட்வான்ஸ்ட் எண்ட பொத்தான். "கேஷ் பண்ண வேண்டிய சேவர் இணைப்புகளின் கூடிய எண்ணிக்கை" எண்ட கட்டத்தில 5 நிக்கும். 2 ஆக்கி, தண்டர்பேர்ட்டை முழுக்க மூடித் திறவுங்கோ. மூடாட்டிப் பழைய இணைப்புகள் அப்பிடியே கிடக்கும்.

1 ஆக்காதேங்கோ. ஒரு 20 எம்பி இணைப்புக் கோப்பு இறங்கிக்கொண்டிருக்கேக்க வேற போல்டரை அமத்தினா ஒண்டும் அசையாது. தண்டர்பேர்ட் இறுகிப்போச்சு எண்டு ஆக்கள் அதைப் பலவந்தமா மூடுவினம்.

போனில: கே-9 (ஆண்ட்ராய்ட் மெயில் செயலி) வைச்சிருந்தா புஷ் (புது மெயிலை உடனே அறிவிக்கிறது) போட்ட ஒவ்வொரு போல்டரும் ஒரு நிரந்தர இணைப்பு. இன்பொக்ஸுக்கு மட்டும் விட்டு மற்றதை நிப்பாட்டுங்கோ. ஐபோன் மெயில் சாதாரண ஐமாப் எக்கவுண்டுக்கு ஐடில் பாவிக்காது, கால் மணிக்கோ அரை மணிக்கோ ஒருக்கா வந்து எடுத்துக்கொண்டு போகும். அதால பாரமில்லை. வைஃபையில நிக்கிற போன் கந்தோர் ஐபியில எண்ணுப்படும், டேட்டாவில நிண்டா வேற ஐபி, வேற கணக்கு. "வீட்டில வேலை செய்யுது, கந்தோருக்கு வந்தா இல்லை" எண்டு ஆரும் சொன்னா இதுதான் காரணம்.

இன்னொண்டு. இன்ஃபோவில இருந்து அனுப்பேக்க "அனுப்பிய போல்டருக்குக் கொப்பி ஆகுது" எண்டு நிண்டு பிறகு பிழை காட்டுதோ? அனுப்புறது எஸ்எம்டிபி வழி, அது போயிடும். கொப்பி வைக்கத்தான் ஐமாப் இணைப்பு வேணும். எல்லை நிரம்பியிருந்தா கொப்பி விழாது. ஆள் போகேல்லை எண்டு நினைச்சுத் திருப்பி அனுப்புவார், வாடிக்கையாளருக்கு ஒரே விலைச்சிட்டை ரெண்டு தரம் போகும்.

வடலி | திங்கள், மதியம் 1.05

ஐயோ, அதுதான் நடக்குது! ரெண்டு தரம் வருது எண்டு போன கிழமை முழுக்கச் சனம் எடுத்துச் சொன்னது. போஸ்ட்ஃபிக்ஸ்தான் இரட்டிக்குது எண்டு நான் அங்க கிண்டிக்கொண்டிருந்தன்.

கே-9 ரெண்டு, ஐபோன் ஒண்டு. தண்டர்பேர்ட்டை 2 ஆக்கினா 6 × 2 = 12. அதோட கே-9 ரெண்டு, 14. ஐபோன் வந்து போற நேரம் 15. இன்னும் 10 ஐத் தாண்டுதே. அப்ப சேவரிலயும் கூட்டத்தானே வேணும்?

தட்டிவான் | திங்கள், மதியம் 1.12

நான் அப்பவே சொன்னன்.

கிணத்தடி | திங்கள், மதியம் 1.50

கூட்டத்தான் வேணும், ஆனா 100 இல்லை. அதோட எல்லாருக்குமில்லை.

முதல் எங்க எழுதுறது எண்டு சொல்லுறன், அரைவாசிப் பேர் இதில வழுக்குகினம். 20-ஐமாப் கோப்பில 'புரொட்டொகோல் ஐமாப்' எண்ட அடைப்புக்குள்ள இந்த வரி வேலை செய்யாத குறிப்பா (முன்னால # போட்டு) கிடக்கும். ஆரோ முந்தி அங்க ஒரு எண்ணைத் திறந்து விட்டிருந்தால், நீங்கள் வெளிய பொதுவில எழுதுறது எடுபடாது. புரொட்டொகோல் அடைப்புக்குள்ள இருக்கிறதுதான் வெல்லும். மாத்தின பிறகு 'டவ்கொன்ஃப்' கட்டளைக்கு வடிகட்டியா புரொட்டொகோல் ஐமாப் குடுத்து அந்தப் பேரைக் கேளுங்கோ. வாற எண்தான் உண்மை.

இன்ஃபோவுக்கு மட்டும் கூட்டுற வழியும் இருக்கு. பாஸ்வேர்ட் கோப்பு முறையில ஆக்களை வைச்சிருந்தா, இன்ஃபோ வரியின்ர கடைசிப் புலத்தில 'யூசர்டிபி' எண்ட முன்னொட்டோட இதே அமைப்பின் பேரை எழுதி எண்ணைக் குடுக்கலாம். எஸ்கியூஎல் தரவுத்தளத்தில வைச்சிருக்கிறதெண்டால் யூசர் கேள்வியில ஒரு நிரலாத் திருப்பலாம். மற்ற எல்லாருக்கும் 10 அப்பிடியே நிக்கும்.

ஏன் எல்லாருக்கும் 100 கூடாது எண்டால், அந்த எல்லை சும்மா வைச்சதில்லை. ஒரு போன் செயலி கிறுக்குப்பிடிச்சு நிமிஷத்துக்கு நாப்பது தரம் இணைஞ்சாலும், பாஸ்வேர்ட் களவுபோய் ஆரும் பெட்டியை உறிஞ்சினாலும், ஒரு ஐபியால 10 க்கு மேல போகாம அது மறிக்கும். ஒரு ஆளின்ர கோளாறு மற்ற ஆக்களில ஏறாது.

மற்றது, இதைத் திறந்துவிட்டா தண்ணி அடுத்த வரம்பில முட்டும். அந்த வரம்புகள் எங்கயெண்டால்:

ஐமாப்-லொகின். டவ்கொட் இருப்பில ஓடுற பாதுகாப்புக் கூடின முறையில ஒவ்வொரு டிஎல்எஸ் (மறைகுறியாக்கின) இணைப்புக்கும் ஒரு லொகின் புரொசெஸ் (ஓடிக்கொண்டிருக்கிற நிரல்) கடைசிவரை கூடவே இருக்கும். அதுக்கு எல்லை 100. லொகின் செய்யாமக் கதவில நிண்டு பாஸ்வேர்ட் முயற்சிக்கிற பொட்டுகளும் (தானியங்கி நிரல்களும்) அந்த நூறுக்குள்ளதான் அடங்கும். உங்கட கணக்கு: தனி எக்கவுண்ட் 6 × 5 = 30, இன்ஃபோ 15, மொத்தம் 45. இப்ப காணும். கரண்ட் போய் வந்த நேரம் காணாது, அது ஏனெண்டு கீழ ஆரும் நெற்வேர்க் தெரிஞ்ச ஆள் சொல்லட்டும்.

நிவர்த்தி: 'சேர்விஸ் ஐமாப்-லொகின்' அடைப்புக்குள்ள சேர்விஸ்-கவுண்ட் 0, புரொசெஸ்-மின்-அவெயில் உங்கட கோர் எண்ணிக்கை, அதாவது 2. இனி ஒரு லொகின் புரொசெஸ் கனபேரைச் சுமக்கும். இழக்கிறது என்னெண்டால், அந்த ஒரு புரொசெஸில ஓட்டை ஏதும் வந்தா பல பேரின்ர இணைப்பு ஒரே இடத்தில இருக்கும். ஒரு கந்தோர் சேவருக்கு நான் இதை ஏற்பன். ஆயிரம் வெளியாக்களுக்குக் குடுக்கிற சேவரெண்டால் ரெண்டு தரம் யோசிப்பன்.

இனொட்டிஃபை (கோப்பில மாற்றம் வந்தா நிரலுக்குச் சொல்லுற லினக்ஸ் வசதி). இதை ஒருத்தரும் பாக்கிறதில்லை. ஐடிலில நிக்கிற ஒவ்வொரு ஐமாப் புரொசெஸும் லினக்ஸிட்ட ஒரு இனொட்டிஃபை எடுத்து வைச்சிருக்கும். ஒரு யூசருக்கு இருப்பில 128தான். உங்கட மெயில் பெட்டி எல்லாம் 'வீமெயில்' எண்ட ஒரே லினக்ஸ் யூசரில ஓடுதெண்டால், சேவரில உள்ள எல்லாருக்கும் சேர்த்துத்தான் அந்த 128. தாண்டினா ஆரும் தள்ளுப்பட மாட்டினம், பிழைச் செய்தியும் செயலியில வராது. மெயில் பிந்தித் தெரியும், அவ்வளவுதான். லொக்கில மட்டும் "இனொட்டிஃபை இன்ஸ்ரன்ஸ் லிமிட் எக்சீடட், டிசேப்ளிங்" எண்டு விழும். 'சிஸ்சிடிஎல்' (லினக்ஸ் அமைப்பு எண்களை மாத்திற கட்டளை) வழியா ஃபைல்சிஸ்ரம் இனொட்டிஃபையின்ர மேக்ஸ்-யூசர்-இன்ஸ்ரன்சஸை 512 ஆக்கினாக் காணும். சிஸ்சிடிஎல் கோப்பில எழுதாட்டி அடுத்த ரீபூட்டோட போயிடும்.

எல்லாத்தையும் கண்டபடி கூட்டினா, தொடங்கேக்க அன்வில் சேர்விஸின்ர கிளையன்ற்-லிமிட் குறைவு எண்டு டவ்கொட் முணுமுணுக்கும். ஆள் + ஐபி கணக்கை வைச்சிருக்கிற கணக்கப்பிள்ளை அந்த அன்வில்தான். எச்சரிக்கையில அதுவே வேண்டிய எண்ணையும் சொல்லும், அதைக் குடுங்கோ.

ஒடியல் | திங்கள், பிற்பகல் 3.30

கரண்ட் விசயம் என்ர பக்கம்.

கரண்ட் போகேக்க கணினியும் ரவுட்டரும் ஒரு வார்த்தை சொல்லாமச் சாகும். டிசிபி இணைப்பை (ரெண்டு கணினிக்கு இடையில திறந்திருக்கிற இணையத் தொடர்பை) முறைப்படி மூடுறதுக்கு ஆளில்லை. கொழும்பிலயோ சிங்கப்பூரிலயோ இருக்கிற சேவருக்கு அது தெரியாது. அதின்ர கணக்கில இன்ஃபோ இன்னும் பத்து இணைப்போட உயிரோட நிக்குது. கரண்ட் வருது, கணினிகள் எழும்புது, அதே நிலையான ஐபியால திருப்பி வருது. பழைய பிணம் பத்தும் கதிரையை விடேல்லை, புது ஆளுக்கு இடமில்லை.

எவ்வளவு நேரம்? ஐடிலில நிக்கிற இணைப்புக்கு டவ்கொட் இருப்பில 2 நிமிஷத்துக்கு ஒருக்கா "இன்னும் இருக்கிறன்" எண்டு ஒரு வரி அனுப்பும். அந்த வரிக்குப் பதில் வராட்டி லினக்ஸ் திருப்பித் திருப்பி அனுப்பிப் பாக்கும். எத்தினை தரம் எண்டு சொல்லுற 'டிசிபி-ரிட்றைஸ்2' இருப்பில 15, அது முடிய ஏறத்தாழ 924 செக்கன், அதாவது பதினைஞ்சரை நிமிஷம். ரெண்டையும் கூட்டினா 15 இலயிருந்து 17 நிமிஷம். வடலி சொன்ன "கால் மணித்தியாலம்" இதுதான். ஐடில் இல்லாமச் சும்மா கிடக்கிற இணைப்பெண்டால் டவ்கொட் 30 நிமிஷத்தில வெட்டும்.

கீப்-அலைவை (சும்மா கிடக்கிற இணைப்பு உயிரோட இருக்கோ எண்டு பாக்கிற இடைவெளியை) குறைக்கச் சொல்லிச் சில பேர் சொல்லுவினம் (இருப்பில 7200 செக்கன்). இங்க அது உதவாது. பதில் வராத தரவு ஒண்டு நிலுவையில இருக்கேக்க கீப்-அலைவ் ஓடாது, மறுபடி அனுப்புற கணக்குத்தான் ஓடும்.

ரிட்றைஸ்2 ஐ 8 ஆக்கலாம், ஏறத்தாழ 100 செக்கனில பிணம் விழும். அதுக்குக் கீழ போகாதேங்கோ. இது சேவரின்ர எல்லா டிசிபிக்கும் சேர்த்துத்தான். சிக்னல் அந்து அந்து வாற இடத்தில போனில பெரிய கோப்பு இறக்கிற ஆள் இடையில அறுபடுவார். நெடுந்தீவுப் படகில இருந்து மெயில் பாக்கிற ஆள் உங்களிட்ட இருந்தால் 10, 11 இல நிப்பாட்டுங்கோ.

மாறுற ஐபி உள்ள வீட்டு லைனில இந்தக் கரைச்சல் பெரும்பாலும் தெரியாது. ரவுட்டர் எழும்பேக்க புது ஐபி வந்தா அது புதுச் சோடி, புதுக் கணக்கு. நிலையான ஐபிக்குக் காசு கட்டினவைக்குத்தான் இந்தத் தலையிடி.

உடனடி மருந்து: 'டவ்அட்ம் கிக்', பிறகு இன்ஃபோ, பிறகு கந்தோர் ஐபி. அந்தச் சோடி மட்டும் வெட்டுப்படும். டவ்கொட்டை ரீஸ்ராட் பண்ணி எல்லாரையும் எழுப்ப வேண்டியதில்லை.

எல்லையை எவ்வளவில வைக்கிறது எண்டதுக்கும் இதுதான் விடை. சாதாரண நேரம் 15 எண்டால் பிணம் 15 + உயிர் 15 = 30. தனி எக்கவுண்டுகளைப் பாருங்கோ, 5 + 5 = 10. மயிரிழையில தப்புது. அவையின்ர போனிலயும் தனி எக்கவுண்டைச் சேர்த்த அண்டைக்கு அதுவும் தடங்கும். கிணத்தடி கேட்ட லொகின் புரொசெஸ் கணக்கும் இதேதான்: 45 இன் இரட்டை 90, கதவில நிக்கிற பொட்டுகள் பத்து. நூறு முடிஞ்சுது.

ரவுட்டருக்கு 12 வோல்ட் சின்ன யூபிஎஸ் வைச்சா போனும் மடிக்கணினியும் தப்பும். மேசைக் கணினிக்கு யூபிஎஸ் இல்லையெண்டால் அதின்ர இணைப்புகள் எப்பிடியும் சாகும்.

கடலோரம் | திங்கள், பிற்பகல் 4.10

இடையில ஒரு கேள்வி. எங்களுக்குச் சொந்தச் சேவர் இல்லை, பகிர்வு ஹோஸ்டிங், சீபனல் எண்ட கட்டுப்பாட்டுப் பக்கம்தான். அந்த வரியெல்லாம் எங்கட கைக்குள்ள இல்லை. பொப்3 க்கு (மெயிலை அவரவர் கணினிக்கு இறக்கிற முறைக்கு) மாறினா என்ன? ஜிமெயிலுக்கும் இப்பிடி எல்லை இருக்கோ?

மூன்றாம்குறுக்கு | திங்கள், பிற்பகல் 4.35

பொப்3 வேண்டாம். ஆர் வாசிச்சது, ஆர் பதில் போட்டது எண்டு மற்ற ஆளுக்குத் தெரியாது. அனுப்பியது அவரவர் கணினியோட கிடக்கும். ஒரு கணினியில "சேவரில விட்டுவை" எண்ட குறியை எடுத்திட்டா, மெயில் அங்க இறங்கி மற்ற ஆக்களுக்கு இல்லாமப் போகும்.

ஜிமெயிலில ஒரு எக்கவுண்டுக்கு ஒரே நேரம் 15 ஐமாப் இணைப்பு. அங்க ஐபி பாக்கிறதில்லை, வீடு கந்தோர் போன் எல்லாம் சேர்த்து 15. தண்டர்பேர்ட் 5 × 3 கணினி எண்டால் அதோட சரி.

பகிர்வு ஹோஸ்டிங்கில உங்கட பக்கம் மட்டும்தான் மாத்தலாம்: தண்டர்பேர்ட்டை 2 ஆக்கிறது, புது மெயில் பாக்க வேண்டிய போல்டர்களில தேவையில்லாததை எடுக்கிறது, பொதுப் பெட்டியை எப்பவாவது பாக்கிற ஆளை வெப்மெயிலுக்கு மாத்திறது. ரவுண்ட்கியூப் வெப்மெயில் ஒரு பக்கம் திறக்கேக்க சேவருக்குள்ள இணைஞ்சு, வேலை முடிய விட்டிடும். பிடிச்சு வைச்சிருக்காது, கந்தோர் ஐபியாலும் எண்ணுப்படாது. அவுட்லுக் பாவிச்சா இந்த எண்ணிக்கையைக் குறைக்க அதில கட்டமே இல்லை. அதையும் கணக்கில எடுங்கோ.

டவ்கொட்டுக்குப் பதிலா கூரியர் ஐமாப் எண்ட மென்பொருள் ஓடுற பழைய சேவரெண்டால் கதை வேற. அது ஆளைப் பாராமல் ஐபியை மட்டும் எண்ணும். ஆறு பேர் ஆறு எக்கவுண்ட் எண்டாலும் ஒரு ரவுட்டருக்குப் பின்னால இருந்தா எல்லாம் ஒரே பைக்குள்ள.

வடலி | செவ்வாய், காலை 9.20

தண்டர்பேர்ட் எல்லாத்திலயும் 2. இன்ஃபோவுக்கு மட்டும் 30. லொகின் சேர்விஸ் மாத்தியாச்சு, இனொட்டிஃபை 512. ரிட்றைஸ்2 ஐ 10 ஆக்கினன், ரெண்டு பேர் தீவுப்பக்கம்.

இப்ப ஹூ பாத்தா இன்ஃபோ 11. ஒருத்தரும் தள்ளுப்படேல்லை. ஆனா ஆறு பேரும் ஒரே பாஸ்வேர்டில வாறது மனசுக்குச் சரிவரேல்லை. வேலையை விட்டுப் போற ஆளுக்காக எல்லாக் கணினியிலயும் மாத்தவேண்டிக் கிடக்கு.

கிணத்தடி | செவ்வாய், காலை 10.05

தம்பி, அதுதான் மூலம். எண்ணைக் கூட்டினது காய்ச்சலுக்குப் பனடோல் போட்ட மாதிரி. இன்ஃபோவுக்கு ஒருத்தரும் நேர லொகின் பண்ணத் தேவையில்லை. ஒவ்வொருத்தரும் தங்கட பேரில வந்து, தங்கட எக்கவுண்டுக்குள்ளயே இன்ஃபோவை ஒரு போல்டராப் பாக்கலாம்.

செய்யிற ஒழுங்கு: பொது மெயில்-பிளகின்ஸில 'ஏசிஎல்' (ஆருக்கு எந்தப் போல்டரில என்ன உரிமை எண்ட பட்டியல்), ஐமாப் அடைப்புக்குள்ள 'ஐமாப்-ஏசிஎல்'. பிளகின் அடைப்பில ஏசிஎல் = வீஃபைல், அதோட ஏசிஎல்-ஷெயார்ட்-டிக்ற் எண்டதுக்கு ஒரு கோப்பின்ர பாதை. அந்தக் கோப்பு கிடக்கிற அடைவில வீமெயில் எழுத உரிமை இருக்கவேணும். இல்லாட்டி எல்லாம் சரியாச் செய்தும் போல்டர் காட்டாது, முக்கால்வாசிப் பேர் நிக்கிறது இந்த இடத்திலதான். பிறகு ரைப் = ஷெயார்ட் எண்டு ஒரு நேம்ஸ்பேஸ் (போல்டர் தொகுதி). முன்னொட்டில யூசர் பேருக்கு ரெண்டு சதவீதக் குறி, ஒண்டு இல்லை. ஒண்டு போட்டா அது லொகின் பண்ணின ஆளையே குறிக்கும்.

உரிமை குடுக்கிறது 'டவ்அட்ம் ஏசிஎல் செற்', யூசரா இன்ஃபோ, போல்டர் இன்பொக்ஸ், ஆளின்ர பேர், பிறகு உரிமைகள்: லுக்கப், றீட், றைற், றைற்-சீன், இன்சேர்ட். அழிக்க விடுற ஆளுக்கு மட்டும் றைற்-டிலீற்றட், எக்ஸ்பன்ஜ் (நிரந்தரமா நீக்கிறது). 'அனுப்பியது' போல்டருக்கும் தனியாக் குடுக்கவேணும், இன்பொக்ஸுக்குக் குடுத்தது தானா அங்க போகாது. வாசிச்ச குறி எல்லாருக்கும் பொதுவா விழும். பொதுப் பெட்டிக்கு அதுதான் வேண்டியது: ஒருத்தர் திறந்தா மற்ற ஆளுக்குத் தடிப்பெழுத்து போயிடும்.

தண்டர்பேர்ட்டில பழைய இன்ஃபோ எக்கவுண்டை எடுத்துப்போட்டு, சப்ஸ்கிரைபில புதுப் போல்டரைக் குறிச்சு விடுங்கோ. இன்ஃபோ முகவரியால அனுப்ப, தங்கட எக்கவுண்டுக்குள்ளயே ரெண்டாவது அடையாளமா அதைச் சேர்க்கவேணும். அந்த அடையாளத்தில கொப்பி விழுற இடத்தையும் பொது 'அனுப்பியது' ஆக்குங்கோ.

போஸ்ட்ஃபிக்ஸில அனுப்புநர்-லொகின் பொருத்தம் பாக்கிற கட்டுப்பாடு போட்டிருந்தா 553 எண்டு தள்ளும், "நொட் ஓன்ட் பை யூசர்" எண்டு. சென்டர்-லொகின்-மாப்ஸில இன்ஃபோ முகவரிக்கு நேர ஆறு பேரையும் எழுதினாச் சரி.

கணக்கு இப்ப: ஆளுக்கு அவரவர் பேரில கூடினது 5. இன்ஃபோவுக்குக் கணினிப் பக்கம் சைபர், போன் மூண்டு மட்டும். அந்த 30 ஐத் திருப்பி 10 ஆக்கிவிடலாம். போறவரின்ர எக்கவுண்டை நிப்பாட்டினா இன்ஃபோவும் அவருக்குப் பூட்டு.

ஒடியல் | செவ்வாய், காலை 10.30

ஒரு சின்னக் குறிப்பு. கந்தோர் ஐபி நிலையானதுதானே. ஃபெயில்2பானின்ர இக்னோர்-ஐபியில அதைப் போட்டுவிடுங்கோ. உள்ளுக்குள்ள ஒரு கணினியில வைரஸ் வந்து பாஸ்வேர்ட் தட்டினா அதையும் கண்டுகொள்ளாது எண்டதை மட்டும் யோசிச்சுச் செய்யுங்கோ.

வடலி | புதன், பிற்பகல் 5.15

ஏசிஎல் ஏறிட்டுது. நீங்கள் சொன்ன மாதிரியே டிக்ற் கோப்பின்ர உரிமையில ஒரு மணித்தியாலம் போச்சு. ஹூவில இன்ஃபோ 2, ரெண்டும் கே-9. மற்ற ஆக்கள் 3 முதல் 5. மதியச் சாப்பாட்டு நேரம் மெயின் சுவிற்சை நிப்பாட்டிப் போட்டுப் பாத்தன்: கரண்ட் வந்த உடனே ஆறு பேருக்கும் திறந்துது. ஹூவில எண்ணிக்கை கொஞ்ச நேரம் ரெட்டையா நிண்டு, பிறகு இறங்கிச்சு.

தட்டிவான் | புதன், பிற்பகல் 6.02

எங்கட சேவரின்ர லொக்கில இனொட்டிஃபை எண்டு தேடிப் பாத்தன். நாளுக்கு நாள் அந்த வரி கிடக்கு. மெயில் பிந்துறதுக்கு இவ்வளவு நாளும் லைனைத்தான் ஏசினது. வடலி, அந்த சிஸ்சிடிஎல் கோப்பில நீங்கள் எழுதின வரியை ஒருக்காப் போட்டு விடுங்கோ.